பார்வைக்கு வந்த பம்பு

அன்னைக்கு கிணத்தாண்ட இருந்தது அஞ்சு பேர். நான், என் சம்சாரம் சரசு, பக்கத்து வூட்டு பெரிம்மா, அவங்க பொண்ணு ஸ்டெல்லா, அப்புறம் மோட்டார் மெக்கானிக் ஒருத்தர். சரசு வயித்துல ஆறு மாசம். அதையும் சேத்தா ஆறு பேர். நான் எப்பவும் சேத்துத்தான் எண்ணுவேன். எண்ணாம விட்டா அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம்.

மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருந்தாங்க. கருகின வாடை கொல்லை பூரா அடிச்சுது. மெக்கானிக் உள்ள சுத்தியிருந்த காயில் கம்பியை விரலால சுரண்டிப் பாத்துட்டு, "மொத்தமா போச்சுண்ணா. புதுசாதான் கட்டணும்"னாரு.

"எத்தினி நாளாவும்?"

"இன்னா கேக்கற? லோ வோல்டேஜ்ல இந்த சுத்துவட்டாரமே எரிஞ்சிகினு கீது. கடையில நிக்க எடமில்ல, அத்தினி மோட்டார். ஆடி பொறக்கட்டும், பாக்கலாம்."

அப்போ வைகாசி. நடுவுல ஆனி முழுசா கிடக்கு. மோட்டார் இல்லன்னா கயிறும் வாளியும்தான். கயிறுன்னா சரசு குனியணும், இழுக்கணும். நான் காலையில ஆறரை பஸ்ஸுக்குப் போனா ராத்திரி எட்டு ஆயிடும், ஓ.டி. இருந்தா இன்னும் லேட்டு. சுங்குவார்சத்திரத்தாண்ட ஒரு சின்ன கம்பெனியில நான் ஹெல்பர். விடிகாலையில நான் எவ்வளவு சேந்தி வெச்சாலும் மத்தியானத்துக்குள்ள தீர்ந்துடும். முன்ன ஒரு தடவை சரசுக்கு அஞ்சாம் மாசத்துல கலைஞ்சிடுச்சு. கிணத்துல தண்ணி சேந்தினதாலதான்னு எங்கம்மா சொன்னாங்க. அதனால இல்லன்னு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாங்க. ரெண்டு பேரு சொன்னதையும் நான் நம்பினேன். அதுதான் என் கஷ்டமே. சரசுக்குப் போய் இருக்க அம்மா வீடும் இல்ல.

"கைப்பம்பு ஒண்ணு வாங்கிப் போட்டுடறேன்"னேன். "நாளைக்கே."

பெரிம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "நாளைக்கேவா? இந்த மோட்டாரயும் நீ அப்டித்தான் வாங்க வெச்ச. அவசரப்படுத்தின, எரிஞ்சிடுச்சி. பேசாத இரு தம்பி. வாங்கறதெல்லாம் அப்புறம். மொதல்ல கொண்டாந்து வச்சிப் பாக்கலாம்."

இதுதான் பெரிம்மா. எங்களுக்கு சொந்தம் ஒண்ணும் இல்ல. ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவுல, ஒரே ஓனருக்குச் சொந்தமான ரெண்டு ஓட்டு வீடு. ஒண்ணுல நாங்க, ஒண்ணுல அவங்க. நடுவுல ரெண்டு வீட்டுக்கும் பொதுவா கிணறு. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிற வேலை அவங்களுக்கு. வீட்டுக்காரர் என்ன ஆனாருன்னு நாங்க கேக்கல, அவங்களும் சொல்லல. அவங்க பேரு எனக்குத் தெரியும். ஆனா ஒரு தடவை கூட நான் அந்தப் பேரைச் சொன்னதில்ல, இங்கேயும் சொல்லல.

அந்த மோட்டாரைத் தவிர எந்தப் பொருளையும் வீட்டுக்குக் கொண்டாந்து, நாலு நாள் கூட வச்சிப் பொழங்கிப் பாக்காம அவங்க காசு குடுத்ததே இல்ல. "பார்வைக்கு"ன்னு சொல்லித்தான் எடுத்துட்டு வருவாங்க. புடவை விக்கிறவங்க அப்படிக் குடுப்பாங்க, அது எல்லா ஊர்லயும் உண்டு. காலையில குடுத்துட்டு சாயங்காலம் வந்து கேப்பாங்க. பெரிம்மா செருப்பை அப்படி எடுத்துட்டு வந்தாங்க. ஸ்ரீபெரும்புதூர் பஜார்ல ஒரு கடையில செருப்பைக் கால்ல போட்டுகினு, "இதோ வந்துடறேன்"னு சொல்லிட்டு, மார்க்கெட் பூரா சுத்தி, காய்கறி வாங்கி, சர்ச்சுக்குப் போயி, மூணு மணி நேரம் கழிச்சு வந்து, "கட்டை விரலு கடிக்குது, வேற எடு"ன்னாங்க. நான் கூட இருந்தேன். அந்த மூணு மணி நேரமும் எனக்குப் பின்னாடி யாரோ ஓடி வந்து பிடிக்கப் போறாங்கன்னே இருந்துச்சு. கடைக்காரரு வேற ஜோடி எடுத்துக் குடுத்தாரு.

"நீங்க ஏங்க குடுக்கறீங்க?"ன்னு அவரைத் தனியா கேட்டேன்.

"குடுக்கலன்னா வுட்டுடுமா அந்தம்மா?"ன்னாரு.

குக்கரும் அப்படித்தான் வந்துச்சு. ஒரு வாரம் பருப்பு வேக வெச்சாங்க, ஒரு வாரம் கறி வேக வெச்சாங்க, விசில் சத்தத்துக்கு எங்க வூட்டுப் பூனை ஓடிப் போயிடுச்சு. அப்புறம் பளபளன்னு தேய்ச்சு, அட்டைப் பெட்டியில வெச்சு, திருப்பிக் குடுத்துட்டாங்க. "அரிசி நல்லா வேவுது. ஆனா எப்ப வெடிக்கும்னு பாத்துகினே நிக்க வேண்டிதா கீது. சமைக்கிற நேரத்துல நான் வேற வேல பாக்கணும்"னாங்க. கோயில் விஷயத்துலயும் இதே கதைதான். மாதா கோயிலுக்குப் போறதை நிறுத்திட்டு, ரோட்டோரம் ஷெட்டு போட்டு ஜெபம் பண்றவங்க கிட்ட மூணு மாசம் போனாங்க. திரும்பி வந்தப்போ, ஏன்மா அங்க போனீங்கன்னு பாதர் கேட்டாரு. "வச்சிப் பாத்தேன் பாதர். சத்தம் ஜாஸ்தி"ன்னாங்களாம். வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட சரசு கூட ஒரு கிருத்திகைக்கு வந்தாங்க. யாராவது பாத்து பாதர்கிட்ட சொல்லிடுவாங்களோன்னு போற வழியெல்லாம் சரசுக்குத்தான் பயம், பெரிம்மாவுக்கு இல்ல.

இதெல்லாம் சிரிக்கிறதுக்கு. சிரிக்க முடியாதது ஒண்ணு இருக்கு. ஸ்டெல்லாவுக்கு ஒரு மாப்பிள்ளை வந்துச்சு. செங்கல்பட்டுப் பக்கம், தூரத்துச் சொந்தம். பெரிம்மா அந்தப் பையனை ஒரு வாரம் வந்து தங்கச் சொன்னாங்க. வேலை தேடி வந்திருக்கான்னு ஊருக்குச் சொன்னாங்க. பையன் தின்னான், தூங்கினான், கிணத்துல எங்களுக்கும் சேத்து தண்ணி எடுத்துக் குடுத்தான். ஸ்டெல்லா டெய்லர் கடையில வேலை செய்றவ. அந்த வாரத்துலேயே அவனுக்கு அளவெடுக்காம, கண்ணாலேயே பாத்து, ஒரு சட்டை தைச்சுட்டா. ஏழாம் நாள் பெரிம்மா அவனை பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தாங்க.

"இன்னா பெரிம்மா குறை?"ன்னு சரசு கேட்டதுக்கு, "குறை ஒண்ணும் இல்ல. நல்ல புள்ளதான். நம்ம வூட்டுக்கு ஒத்து வரல"ன்னாங்க.

ரொம்ப நாள் கழிச்சு, அந்தச் சட்டையைக் கரித்துணியா மடிச்சுப் பிடிச்சு ஸ்டெல்லா அடுப்பிலேர்ந்து பானையை இறக்குறதைப் பாத்தேன். காலர் கூட இருந்துச்சு. பெரிம்மா செஞ்சது சரியா தப்பான்னு அன்னைக்கே எனக்குப் புரியல. இப்பவும் புரியல.

பம்புக்கு வரேன்.

பெரிம்மாவும் நானும் ஸ்ரீபெரும்புதூர் போனோம். தொண்ணூத்தி ஒண்ணு மே மாசம் அங்க குண்டு வெடிச்சு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்ல. பாதி கடை மூடிக்கிடந்துச்சு. எங்க பாத்தாலும் போலீசு, ஜீப்பு. ரெண்டு பேரு நின்னு பேசினா மூணாவது ஆளு வந்து யாரு என்னன்னு கேப்பான். இந்த நேரத்துல கடைக்குப் போயி ஒரு பொருளைக் காசு குடுக்காம தூக்கிட்டு வரணும். எனக்கு பஸ்ஸுலேயே வேர்த்துடுச்சு.

இரும்புக் கடையில வார்ப்பு இரும்பு அடிபம்பு இருந்துச்சு. பச்சை பெயிண்ட். கைப்பிடியை அடிச்சா வாய் வழியா தண்ணி கொட்டும், எல்லாரும் பாத்திருப்பீங்க. விலை நானூத்திச் சொச்சம், பைப்பு தனி. பெரிம்மா விலையைப் பத்திப் பேசவே இல்ல. "வச்சிப் பாத்துட்டுச் சொல்றேன்"னாங்க. கடைக்காரரு என்னைப் பாத்தாரு. நான் தரையைப் பாத்தேன். கடைசியில அம்பது ரூபா அட்வான்ஸ் வாங்கிட்டுக் குடுத்துட்டாரு. அது என் காசு. மோட்டார் கட்டுற செலவு பெரிம்மாவுது, பம்பு என்னுதுன்னு நாங்க பேசி வெச்சிருந்தோம்.

கிணத்து மேல ரெண்டு கட்டையைக் குறுக்கப் போட்டு பம்பை நிறுத்தினோம். பெரிம்மா என்னை அடிக்க விடல.

"நீ ஏன் அடிக்கற? நீ கம்பெனிக்குப் போயிடுவ. அடிக்கப் போறது அவ. அவ அடிக்கட்டும். சரசு, மெதுவா. மூச்சு வாங்குச்சின்னா நிறுத்து. வாங்கலன்னு பொய் சொல்லாத."

சரசு அடிச்சா. தண்ணி வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. வாங்கிடலாம்னேன்.

"எட்டு நாளு"ன்னாங்க பெரிம்மா.

பின்னாடி துணி பிழிஞ்சிகினு இருந்த ஸ்டெல்லா அப்போதான் வாயைத் திறந்தா. "பம்புக்கு எட்டு நாளா? எனக்கு ஏழுதானமா குடுத்த?"

பெரிம்மா காதுல வாங்காத மாதிரி பம்பு கட்டையை ஆட்டிப் பாத்தாங்க.

ரெண்டாம் நாள் ஒண்ணு தெரிஞ்சுது. ராத்திரி பூரா சும்மா நின்னா அந்தப் பம்புக்குள்ள இருக்கிற தண்ணி இறங்கிடும், தோல் வாஷர் காஞ்சிடும். காலையில ஒரு சொம்பு தண்ணியை மேல ஊத்தி அடிச்சாத்தான் பிடிக்கும். அதுக்கு ஒரு சொம்பு எடுத்து வெச்சிருக்கணும். மூணாம் நாள் சரசு மறந்து அதை அரிசி களைஞ்சு ஊத்திட்டா. அப்புறம் என்ன, கயித்தைப் போட்டு ஒரு வாளி சேந்தினா, பம்புக்கு ஊத்த. தண்ணி எடுக்கிற பம்புக்குத் தண்ணி எடுக்கறதுக்காக அவ குனிஞ்சான்னு கேட்ட உடனே இன்னும் ரெண்டு சொம்பு ரொப்பி மூடி வெச்சேன்.

நாலாம் நாள் சாயங்காலம் பம்பு வெறும் காத்தை இழுத்துச்சு. எவ்வளவு ஊத்தினாலும் பிடிக்கல. எட்டிப் பாத்தா தண்ணி கீழ போயிருந்துச்சு. பக்கத்து வயல்ல பம்புசெட்டு ஓடினா எங்க கிணத்துல நாலஞ்சு அடி இறங்கும். அது எங்களுக்கே அதுவரைக்கும் தெரியாது. மோட்டார் எந்த ஆழமானாலும் இழுத்துடுச்சு, நாங்க எட்டிப் பாக்கல. கைப்பம்பு ஓரளவு ஆழத்துக்குத்தான் இழுக்கும், அதுக்கு அந்த நாலடிதான் வித்தியாசம்.

இங்கதான் எனக்கு மண்டை குழம்பினது. கம்பெனியில மெஷினைத் துடைச்சிகினே யோசிச்சேன், பஸ்ஸுல யோசிச்சேன். சாயங்காலம் வந்து பெரிம்மா கிட்ட கேட்டேன்.

"பெரிம்மா, கரண்டு போனா வயல் மோட்டார் ஓடாது இல்ல?"

"ஆமா."

"ஓடலன்னா தண்ணி எறங்காது இல்ல?"

"ஆமா."

"மோட்டார் கட்டி வந்த பொறவு, கரண்டு போற நேரத்துலதான் நமக்குக் கைப்பம்பு வேணும். அந்த நேரத்துல தண்ணி மேலயே இருக்கும். அப்ப இந்தப் பம்பே போதும் இல்ல?"

"நீ சொல்றதும் கரெக்ட்டுதான். கரண்டு போவட்டும், வச்சிப் பாக்கலாம்."

"ஆனா இப்ப மோட்டாரே இல்லியே. கரண்டு இருந்தாலும் நமக்கு வேணுமே. இப்ப வயல் மோட்டார் ஓடுதே."

"அதுவும் கரெக்ட்டுதான்."

"ரெண்டும் எப்படி பெரிம்மா கரெக்ட்டாவும்?"

"அதத்தான் எட்டு நாளுன்னு சொல்றேன்."

மோட்டார் எரிஞ்ச அவசரம் வேற, கரண்டு போற அவசரம் வேற. ஒண்ணுக்கு வாங்கினா இன்னொண்ணுக்கு ஆவாது. தினமும் ரெண்டு தடவை போற கரண்டு, நாங்க பாக்கணும்னு உக்காந்த அந்த வாரம் போவவே இல்ல. வாழ்க்கையில அப்போதான் நான் கரண்டு போவணும்னு சாமியை வேண்டினேன். வேண்டிட்டு, ஆஸ்பத்திரியில யாருக்காவது ஏதாவது ஆயிடுமேன்னு அந்த வேண்டுதலைத் திருப்பி எடுத்துக்கவும் வேண்டினேன்.

ஆழத்துக்கு எட்டுற பம்புன்னா பஞ்சாயத்துல போட்டிருக்கிற மாதிரி பெரிய பம்பு. விலை கேட்டாலே தலை சுத்தும். பெரிம்மா அதைக் கடையில கூட போய்ப் பாக்கல. சரசைக் கூட்டிகினு போயி ஊர்ப் பம்பைப் பத்து தடவை அடிக்க வெச்சு, அவ முகத்தையே பாத்துகினு இருந்துட்டு, "வேணாம்"னு திரும்பக் கூட்டியாந்துட்டாங்க.

அப்போதான் வாலாஜாபாத்ல ஒருத்தர் பிளாஸ்டிக் பைப்புலேயே பம்பு செய்றார்னு யாரோ சொன்னாங்க. போய்ப் பாத்தோம். சைக்கிள் கடை மாதிரி ஒரு சின்ன இடம். நீளமா ஒரு பி.வி.சி. பைப்பு, அடியில வால்வு, உள்ளே கம்பி, கம்பி நுனியில வாஷர், மேல ரெண்டு கையாலயும் பிடிக்கிற மாதிரி ஒரு குறுக்குக் கட்டை. பைப்பு நேரா தண்ணிக்குள்ள நிக்கும். கட்டையை மேலயும் கீழயும் இழுத்தா பக்கத்து வாய் வழியா தண்ணி வரும். மேல தண்ணி ஊத்த வேண்டியதில்ல, தண்ணி இறங்கினா கூட பைப்பு ஒண்ணைச் சேத்தா ஆச்சு. பைப்போட சேத்து இருநூத்து எழுபது ரூபா.

எனக்கு சந்தேகம் வந்துடுச்சு. இரும்பே நாலு நாள்ல மானத்தை வாங்குச்சு, பிளாஸ்டிக்கு எப்படி? அதுவும் இழுக்கிறது. கயிறு இழுக்கிற மாதிரிதானே இதுவும்?

"நல்லா ஒழைக்குமா?"ன்னு பம்பு செய்றவரைக் கேட்டேன்.

அவர் வாயைத் திறக்கறதுக்குள்ள பெரிம்மா, "அவரு இன்னா சொல்லுவாரு? ஒழைக்கும்னுதான் சொல்லுவாரு. அவர ஏன் கேக்கற?"ன்னுட்டு அவர் பக்கம் திரும்பினாங்க. "பார்வைக்குக் குடு. வச்சிப் பாத்துட்டு நான் சரின்னு சொன்னா காசு. சொல்லலன்னா பம்பு."

பம்பு செய்றவர் சிரிச்சாரு. ஒல்லியான மனுஷன், கையெல்லாம் பசை. "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் காசு தொடமாட்டேன், போங்க"ன்னாரு. விளையாட்டுக்குச் சொன்னாருன்னு நினைச்சேன்.

பைப்பை பஸ்ஸு மேல கட்டி ஒரகடம் கூட்ரோட்டுல இறங்கினோம். இறக்கின உடனே ரெண்டு போலீஸ்காரங்க வந்துட்டாங்க. நீளமா, வெள்ளையா, உள்ளே கம்பி வெச்ச குழாய். எந்த நேரத்துல, எந்த ஊர்ல!

"இன்னாது இது?"

நான், "சார், அது, சம்சாரம் மாசமா..."ன்னேன். அவங்களுக்கு அது பதிலா தெரியல.

பெரிம்மா டீக்கடைக்குப் போயி, பாத்திரம் கழுவ வெச்சிருந்த டிரம்மைக் காட்டி, "கொஞ்சம் இரு நைனா, கொட்டிட மாட்டேன்"னு கடைக்காரன்கிட்ட சொல்லிட்டு, பம்பைச் சாய்ச்சு அடிப் பாகத்தை மட்டும் அதுல எறக்கி, போலீஸ்காரர் கையில குறுக்குக் கட்டையைக் குடுத்துட்டாங்க.

"நீங்களே இழுத்துப் பாருங்க சார்."

அவர் இழுத்தாரு. தண்ணி பீச்சி அவர் பூட்ஸு மேலயே விழுந்துச்சு. நான் கண்ணை மூடிக்கினேன். திறந்து பாத்தா இன்னொருத்தர் இழுத்துகினு இருக்காரு.

"லேசா கீதே"ன்னாரு அவரு. "எவ்ளோ இது?"

"இன்னும் வாங்கல சார்"ன்னாங்க பெரிம்மா.

உண்மையைத்தான் சொன்னாங்க. ஆனா போலீஸ்கிட்ட சொல்ற உண்மையா அது? வாங்காத பொருள் எப்படிம்மா உன் கையில இருக்குன்னு அவர் கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் ஒரு வாரம் நினைச்சு நினைச்சு சோறு இறங்காம கிடந்தேன். அவர் கேக்கல. பூட்ஸை உதறிகினு போயிட்டாரு.

வந்து மாட்டினோம். பெரிம்மா அதை நிக்கிற உயரத்துக்கு மாட்ட விடல. ஒரு முக்காலியைக் கொண்டாந்து போட்டு, சரசை உக்கார வெச்சு, அவ நெஞ்சு உயரத்துக்குக் கட்டையை இறக்கச் சொன்னாங்க. உக்காந்த மேனிக்கு இழுக்கலாம். குனிய வேணாம், கிணத்தை எட்டிப் பாக்கவும் வேணாம். எட்டு ஊர்ல பம்பு செஞ்சவங்க யாருக்கும் இது தோணல. பெரிம்மாவுக்குக் கூட அது தோணினது பம்பைப் பத்தி யோசிச்சு இல்ல. சரசு பத்து தடவை இழுத்துட்டு இடுப்பைப் பிடிச்சா. "அப்ப உக்காரு"ன்னாங்க. அவ்வளவுதான்.

அடுத்த நாளு இரும்புக் கடைக்காரரு காசோ பம்போ ஒண்ணை வாங்கிட்டுப் போக டிவிஎஸ் வண்டியில வந்தாரு. கிணத்துல வேற பம்பு நிக்கிறதைப் பாத்து அவருக்கு மூஞ்சி சிவந்துடுச்சு.

"இன்னாம்மா இது? ஒரு வாரம் அடிச்ச பம்பை நான் யாருக்குமா புதுசுன்னு விக்கறது?"

"புதுசுன்னு ஏன் விக்கற? மாசமா கீற பொண்ணு ஒரு வாரம் அடிச்சிப் பாத்துச்சின்னு சொல்லி வித்துக்க. ஓடுமா ஓடாதான்னு தெரியாம விக்கறத விட அது மேல்தான?"

"ஓடலன்னுதான குடுக்கறீங்க?"

"எங்க கெணத்துல ஓடல. தண்ணி மேல கீற கெணத்துல ஓடும். காலைல ஒரு சொம்பு ஊத்தணும்னு சொல்லிக் குடு. நீ எனக்கு அத சொன்னியா?"

அவர் அட்வான்ஸ்ல பத்து ரூபா பிடிச்சுகினு நாப்பது திருப்பிக் குடுத்தாரு. போகும்போது, "பாப்பா ஜாக்கிரதைமா"ன்னு சரசுகிட்ட சொல்லிட்டுப் போனாரு. அந்தப் பம்பைப் பெரிம்மா சொன்ன மாதிரியே சொல்லி வித்துட்டார்னு பின்னாடி கேள்விப்பட்டேன்.

எட்டு நாள் ஆச்சு. பிளாஸ்டிக் பம்பு இழுத்துச்சு. வயல் மோட்டார் ஓடும்போதும் இழுத்துச்சு. பத்து நாள் ஆச்சு. நான் பெரிம்மாவைக் கேட்டேன்.

"சரின்னு சொல்லிடலாமா பெரிம்மா?"

"கொழந்த பொறக்கட்டும்"னாங்க.

ஆடியில மோட்டாரைக் கட்டிக் கொண்டாந்து மாட்டினாங்க. கரண்டு போற நேரத்துக்கு மட்டும் பம்பு. ஆவணியில பொண்ணு பொறந்துச்சு. ரெண்டே முக்கால் கிலோ, ஒரு குறையும் இல்ல. நான் விரலை எல்லாம் எண்ணிட்டேன், ரெண்டு தடவை. பெரிம்மா வந்து குழந்தையை வாங்கி மடியில வெச்சுகினு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தாங்க. திருப்பிக் குடுக்கும்போது ஒண்ணுமே சொல்லல. நல்லாயிருக்குன்னு கூட சொல்லலியேன்னு சரசு அழுதா. நானும் பயந்துட்டேன். ஸ்டெல்லாதான், "அக்கா, எங்கம்மா எதையாவது அரை நாள் வச்சிகினு ஒரு குறையும் சொல்லாம குடுத்து நீ பாத்துகீறியா?"ன்னா. எனக்கு அது சமாதானமா இருந்துச்சா இல்லையான்னு தெரியல.

"இப்ப சரிதானே பெரிம்மா?"ன்னு பம்பைப் பத்திக் கேட்டேன்.

"மழைக்காலம் போவட்டும். தண்ணி மேல வந்தா கெணத்துக்குக் குறுக்க போட்ட கட்டை மெதக்குதான்னு பாக்கணும்"னாங்க.

தை மாசம் ஸ்டெல்லாவுக்குத் தாம்பரம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில டெய்லர் வேலை கிடைச்சுது. ரெண்டே நாள்ல வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. எட்டு வருஷம் இருந்த வீடு. ஓனர் வந்து ஏன்மா போறீங்கன்னதுக்கு, "இருந்து பாத்தாச்சி"ன்னாங்க. டெம்போவுல சாமானெல்லாம் ஏத்தி, பெரிம்மா முன்னாடி உக்காந்த பொறவு நான் ஓடிப் போயி ஜன்னலைப் பிடிச்சேன்.

"பெரிம்மா, பம்பு!"

"இன்னும் ஒரு முழுக் கோடைய அது பாக்கல தம்பி. கோடைல வரேன். வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

கோடை வந்துச்சு. பெரிம்மா வரல. தண்ணி ரொம்ப இறங்கி, ஒரு பைப்பு சேக்க வேண்டி வந்துச்சு. சேத்ததும் இழுத்துச்சு. அதுக்கு அடுத்த கோடையும் இழுத்துச்சு. ஒரு தடவை வாஷர் மாத்தினேன். காசைத் தனியா எடுத்து வெச்சுகினு, ஒரு ஞாயித்துக்கிழமை தாம்பரத்துக்குப் போனேன். ஸ்டெல்லாவைத் தேடிக் கண்டுபிடிச்சேன். பெரிம்மா தவறிப் போயி நாலு மாசம் ஆச்சுன்னா. மஞ்சக் காமாலை. நாட்டு மருந்து ஒண்ணு, ஆஸ்பத்திரி மருந்து ஒண்ணுன்னு ரெண்டையும் மாத்தி மாத்தி வச்சிப் பாத்துகினே இருந்தாங்கன்னு சொன்னா. அழுகைக்கு நடுவுல என் வாய் தானா கேட்டுடுச்சு.

"பம்பைப் பத்தி ஏதாவது சொன்னாங்களாமா?"

கேட்ட உடனே நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. ஸ்டெல்லா என்னையே பாத்தா. அப்புறம் சிரிச்சா, அப்புறம் முந்தானையில முகத்தைப் பொத்திக்கினா. "ஒண்ணும் சொல்லல அண்ணா. எதப் பத்தியும் ஒண்ணும் சொல்லல."

அங்கேயிருந்து நேரா வாலாஜாபாத் போனேன். பம்பு செய்றவர் அதே இடத்துல, அதே பசைக் கையோட உக்காந்திருந்தாரு. விஷயத்தைச் சொன்னேன். எழுந்து நின்னாரு. அப்புறம் காசை நீட்டினேன்.

"இத எப்டி வாங்கறது?"ன்னாரு. "அந்தம்மா சரின்னு சொன்னாத்தான் காசுன்னு பேச்சு. நானும் வாய வுட்டுட்டேன், தொடமாட்டேன்னு."

"அவங்கதான் இல்லியே. இனிமே யாரு சொல்றது?"

"அதான் எனக்கும் தெரியல."

"நான்தானங்க பொழங்கறேன். என் வூட்டுக் கெணத்துலதான கீது. நான் சொன்னா ஆவாதா?"

அவர் யோசிச்சுப் பாத்தாரு. "ஆவும்"னாரு. "ஏன் ஆவாது? நீங்களே சொல்லுங்க. சரியா கீதா பம்பு? சரின்னு சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

கையில காசை வெச்சுகினு நின்னேன். நல்லாத்தான் இழுக்குது. ஆனா ஒரு தடவை வாஷர் போச்சு, மறுபடி எப்போ போவும்னு தெரியாது. கோடை ரெண்டு பாத்தாச்சு. இதைவிட மோசமான கோடை வந்தா? பைப்பு வெயில்ல வெளுத்துப் போயிருக்கு. வெளுத்தா விரிசல் விடுமா? சரசுக்கு அப்போ மறுபடியும் மூணு மாசம். நாளைக்கே அவ முக்காலியில உக்காந்து இழுக்கும்போது கம்பி பிடுங்கிகினு வந்தா, சரின்னு சொன்னவன் நான்தானே?

"சொல்லுங்க"ன்னாரு அவரு.

"இன்னும் கொஞ்ச நாள் வச்சிப் பாத்துட்டு..."ன்னேன்.

அவர் தலையை ஆட்டிகினு உக்காந்து பசையைத் தடவ ஆரம்பிச்சாரு. நான் காசை ஜோப்புல வெச்சுகினு பஸ் ஏறினேன். அதுக்கு அப்புறமும் மூணு நாலு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டாரு, ஒவ்வொரு தடவையும் எனக்கு வாய் வரல. பைப்பு பழசாக ஆக, அது பழசானதுதான் என் கண்ணுக்குத் தெரியுது, நல்லா இழுக்கறது தெரியல. பம்பு இன்னைக்கும் தண்ணி தருது. இருநூத்து எழுபது ரூபா பாக்கி.